சூடான் ரோட்டோரம் ஒரு குழி

2023-ம் வருஷம் ஏப்ரல் மாதம், நோன்பு முடியப் போகிற நாட்கள். சூடான் நாட்டுத் தலைநகரத்துக்கு வடக்கே ஒரு வெங்காயப் பண்ணையில் நான் மாட்டிக்கொண்டேன். டெக்ஸாஸில் மகன் வீட்டில் பேத்தியோடு உட்கார்ந்திருக்க வேண்டிய கிழவனுக்குச் சூடானில் என்ன வேலை என்று கேட்பீர்கள். நியாயம்தான். அதனால் முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன்.

ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் இரும்பு ராடு தூக்கும் கூலியாகச் சேர்ந்தேன். அதே வண்டியில் சமையல்காரன் ஆனேன், டிரைவர் ஆனேன், ஆபரேட்டர் ஆனேன். கடைசியில் சொந்தமாக ஒரு ரிக் வாங்கினேன். லோன் கேட்கப் போனபோது பேங்க் மேனேஜர் என் கையெழுத்தைப் பார்த்துச் சிரித்தார். அப்புறம் அவர் வீட்டுக்கும் நான்தான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். ராஜஸ்தான் மணல், சத்தீஸ்கர் காடு, கர்நாடகப் பாறை, எல்லா இடத்திலும் என் வண்டி நின்றிருக்கிறது. ஊரில் மூன்று மாடி வீடு கட்டினேன். தங்கைகளைக் கட்டிக் கொடுத்தேன். மகனை இன்ஜினியர் ஆக்கினேன். அவன் இன்றைக்கு டல்லாஸ் பக்கத்து ரிச்சர்ட்சனில் ஒரு டெலிகாம் கம்பெனியில் பெரிய ஆள். கிரீன் கார்டு வந்து அங்கே போன பிறகும் நான் சும்மா இருக்கவில்லை. அந்த ஊர்க் களிமண் வெடித்து அவன் வீட்டு வேலி சாய்ந்து கிடந்தது. ஆள் பார்க்கலாம் அப்பா என்றான். நானே குழி போட்டு, கம்பம் நட்டு, நிமிர்த்தி விட்டேன். டெக்ஸாஸ் டிரைவிங் லைசென்ஸ் முதல் தடவையிலேயே வாங்கினேன். என் மகன் இரண்டாவது தடவைதான் பாஸ் ஆனான். இதைச் சொன்னால் அவனுக்குக் கோபம் வரும். ஆனாலும் நிஜம் நிஜம்தான்.

இப்படிப்பட்ட நான் பயந்த கதை இது.

எங்கள் ஊர்க்காரர்கள் ஆப்பிரிக்காவுக்கு ரிக் அனுப்பத் தொடங்கியபோது நானும் ஒன்று அனுப்பினேன். சூடானில் பண்ணைகளுக்குக் கிணறு போடும் வேலை நன்றாகத்தான் போனது. கான்ட்ராக்ட் முடிந்ததும் வண்டியை விற்றுவிட்டு ஆட்களை ஊருக்கு அனுப்பி வைக்கலாம் என்று டல்லாஸில் விமானம் ஏறினேன். மகன் வேண்டாம் என்றான். நான் என்றைக்கு அவன் சொல்லைக் கேட்டிருக்கிறேன்!

அங்கே என் ஆட்கள் நான்கு பேர். ஆபரேட்டர் எனக்குத் தூரத்துச் சொந்தம், மாமா என்று கூப்பிடுவான். வாய் ஜாஸ்தி, ஆனால் வேலை சுத்தம். ராடு மாற்றுகிறவர்கள் சங்ககிரிப் பக்கத்து அண்ணன் தம்பி இரண்டு பேர். நான்காவது ஆள் சூடான்காரர். ராடும் டீசலும் ஏற்றி வரும் லாரியை ஓட்டுகிறவர். வயதான மனிதர் என்பதால் எல்லாரும் ஹாஜி என்று கூப்பிட்டோம். எங்கள் பசங்களோடு இருந்து இருந்து 'தண்ணி', 'சோறு', 'போலாம்' எல்லாம் அவருக்கு வந்துவிட்டது. அவரும் என்னை மாமா என்றுதான் கூப்பிடுவார்.

நான் போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளில் சண்டை தொடங்கியது. ஒரே நாட்டின் இரண்டு படைகள் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டன. முதலில் தெற்கே புகை தெரிந்தது. ஏதோ டயர் எரிக்கிறார்கள் என்று நினைத்தோம். பிறகு தரை அதிர்ந்தது. பாறையில் வெடி வைத்த அனுபவம் எனக்கு உண்டு. வெடி வைத்தால் அதிர்வு ஒரு தரம் வந்து நின்றுவிடும். இது நிற்கவில்லை. கரண்ட் போனது. பண்ணைக்காரர் குடும்பத்தோடு கிளம்பிப் போய்விட்டார். ரொட்டிக் கடை மூடிவிட்டது. போனுக்கு எப்போதாவது ஒரு தரம் உயிர் வரும். அப்படி வந்தபோது மகன் கிடைத்தான்.

"அப்பா, ரிக்க அங்கயே விட்ருங்க. எம்பஸில எல்லார் பேரும் ரெஜிஸ்டர் பண்ணிட்டேன். பஸ் அரேஞ்ச் பண்றாங்களாம். வெயிட் பண்ணுங்க."

"எங்கடா வெயிட் பண்றது? திங்கறதுக்கு வெங்காயந்தான் இருக்குது."

"ப்ளீஸ்ப்பா. ஹீரோ மாதிரி எதுவும் பண்ணாதீங்க. லொகேஷன் மட்டும் ஷேர் பண்ணுங்க."

பின்னால் பேத்தியின் குரல் கேட்டது. "தாத்தா, ஆர் யூ இன் தி வார்?"

"இல்ல சாமி, தாத்தா தோட்டத்துல இருக்கறேன்" என்றேன். லைன் கட்டாகிவிட்டது.

பஸ் வரும் என்று காத்திருந்தோம். வரவில்லை. கிழக்கே கடற்கரைத் துறைமுகத்துக்குப் போனால் கப்பல் கிடைக்கும் என்று பேசிக்கொண்டார்கள். கார் வைத்திருந்தவர்களிடம் பெட்ரோல் இல்லை. எங்களிடம் ரிக்கின் டேங்க் நிறைய டீசல் இருந்தது, ஹாஜியின் லாரியில் பேரல் பேரலாக இருந்தது. நான் முடிவு செய்தேன். ரிக்கிலேயே போவோம்.

ரிக்கைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். பெரிய லாரி. அதன் முதுகில் ஒரு இரும்புக் கோபுரம் படுத்திருக்கும், மாஸ்ட் என்போம். டிரைவர் தலைக்கு மேலே முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். துளை போடும்போது அதை நிமிர்த்தி நிறுத்துவோம். அன்றைக்கு அந்த மாஸ்ட் மேல் பச்சைத் தார்ப்பாய் போட்டு இழுத்துக் கட்டச் சொன்னேன்.

"ஏனுங் மாமா, கல்யாணப் பொண்ணாட்டம் எதுக்கு மூடறீங்க?" என்றான் ஆபரேட்டர்.

"வழியில களவாணிப் பயலுக இருப்பானுங்க. வெலையுள்ள சாமான் கண்ணுல படப்படாதுடா."

"இத்தாப் பெரிய வண்டி தார்ப்பாய் போட்டா மட்டும் தெரியாதுங்களாக்கும்!"

"வாய மூடிட்டுக் கயிறக் கட்டு."

லாரித் தொழிலில் இருக்கிற எவனைக் கேட்டாலும் நான் செய்தது சரி என்றுதான் சொல்வான்.

வழியில் துப்பாக்கிக்காரர்கள் அங்கங்கே ரோட்டை மறித்திருந்தார்கள். முதல் இரண்டு மறிப்புகளைச் சுலபமாகத் தாண்டினோம். ஹாஜி இறங்கிப் பேசுவார், கொஞ்சம் டீசல் கொடுப்பார், 'போலாம்' என்று கை காட்டுவார். ஆனால் சாலை முழுக்கப் பயம் கிடந்தது. எரிந்து போன கார்கள், பக்கத்தில் உடைந்து சிதறிய சூட்கேஸ்கள். கதவு திறந்தபடி ஒரு பஸ் நின்றது. ஜன்னல் திரைத்துணி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே யாரும் இல்லை. ஏன் இல்லை என்று எங்களில் யாரும் வாய் திறந்து கேட்கவில்லை. தம்பிக்காரன் என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கல்யாணமாகிக் குழந்தை இருக்கிறவன் அவன். நான் அந்தக் கையைத் தட்டிவிடவில்லை.

நடுப்பகலில் மூன்றாவது மறிப்பு வந்தது. வெட்டவெளி. மரம் மட்டை எதுவும் கிடையாது. சாலையின் குறுக்கே இரண்டு பிக்அப் வண்டிகள், மேலே பெரிய துப்பாக்கிகள். எங்களுக்கு முன்னால் நாலைந்து வாகனங்களை நிறுத்தி வைத்திருந்தார்கள். அதில் வந்த குடும்பங்கள் வண்டி நிழலில் ஒண்டி உட்கார்ந்திருந்தன. குழந்தைகளும் இருந்தார்கள்.

தூரத்திலேயே எங்களைப் பார்த்ததும் அந்தப் பெரிய துப்பாக்கிகள் இரண்டும் எங்கள் பக்கம் திரும்பின. ஒருவன் கத்தினான். எல்லாரும் தரையில் விழுந்து படுத்தார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆபரேட்டர்தான் பிரேக்கை மிதித்துவிட்டு மெதுவாகச் சொன்னான்.

"மாமா, நம்ம வண்டிய ராக்கெட்டுன்னு நெனச்சுட்டானுங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நீளமான சாமான், லாரி முதுகில் முன்னால் நீட்டிக்கொண்டு, பச்சைத் துணியால் போர்த்தி! டிவியில் காட்டுகிற மாதிரியே இருந்திருக்கும்.

எங்களை இறக்கித் தார் ரோட்டில் முட்டி போட வைத்தார்கள். தார் கொதித்தது. கழுத்துக்குப் பின்னால் துப்பாக்கி முனை. அது குளிர்ச்சியாக இருக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த வெயிலில் அது சுட்டது. என் சட்டைப் பையில் துழாவி கிரீன் கார்டை எடுத்தார்கள். அவர்களுடைய தலைவன் ஒல்லியான ஆள், முகத்தில் துணி சுற்றியிருந்தான். கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அமெரிக்கா?" என்றான்.

"சன்! மை சன் அமெரிக்கா!" என்றேன். "மீ இந்தியா! திருச்செங்கோடு!" திருச்செங்கோட்டை அவனுக்கு எப்படித் தெரியும்? வாயில் வந்ததைச் சொன்னேன்.

ஹாஜி முட்டி போட்டபடியே அரபியில் கெஞ்சிக் கொண்டிருந்தார். தார்ப்பாயைக் கத்தியால் கிழித்தார்கள். உள்ளே கோபுரமும் பைப்பும் ஹைட்ராலிக் ஹோஸும் தெரிந்தன. அதைப் பார்த்தும் அவர்களுக்குச் சந்தேகம் தீரவில்லை. எனக்கே சந்தேகம் வருகிற மாதிரிதான் இருந்தது. தலைவன் ஏதோ சொன்னான். ஹாஜி என்னைப் பார்த்தார்.

"மாமா, ஹீ சே, வாட்டர் மிஷின் மீன்ஸ், ஷோ. தண்ணி ஷோ. நோ ஷோ..." என்று கழுத்தில் விரலை வைத்துக் காட்டினார்.

துளை போட்டுக் காட்டு, இல்லாவிட்டால் ஐந்து பேரையும் சுட்டுவிடுவேன். இதுதான் விஷயம்.

ஆபரேட்டர் எழுந்தான், திரும்பவும் உட்கார்ந்துவிட்டான். "மாமா, என்னால ஆகாதுங்" என்றான். அத்தனை வருஷத்தில் அவன் வாயால் அப்படி ஒரு வார்த்தை கேட்டதில்லை. நான் எழுந்து போனேன். லீவரைத் தொட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. கை மறக்கவில்லை. வண்டியை ரோட்டை விட்டு இறக்கி, ஜாக்கி போட்டு, மாஸ்ட்டைத் தூக்கினேன். அது நிமிர நிமிர, நின்றிருந்தவர்களில் பாதிப் பேர் பின்னால் ஓடினார்கள். மேலே பாய்ந்துவிடும் என்று நினைத்திருப்பார்கள். வேறு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

ஊரில் சூடம் கொளுத்தாமல் பூமியில் பிட்டை, அதாவது துளைக்கும் முனையை, வைக்க மாட்டோம். அன்றைக்கு அண்ணன்காரன் வழக்கம் மறக்காமல் பைக்குள் கை விட்டான். "வேண்டாம்டா, எடுக்காத" என்று அதட்டினேன். வெள்ளை வெள்ளையாக ஒன்றை எடுத்துத் தீக்குச்சி கிழித்தால் என்ன நினைப்பார்கள்? சாமியிடம் மனசுக்குள்ளேயே சொல்லிவிட்டு கம்ப்ரசரை ஓட விட்டேன்.

கம்ப்ரசர் சத்தம் கேட்டவர்களுக்குத் தெரியும். பக்கத்தில் நிற்கிறவன் கத்தினாலும் கேட்காது. பிட் மண்ணைத் தாண்டிப் பாறையைத் தொட்டதும் புழுதி கிளம்பியது. காற்றழுத்தத்தில் பாறைத்தூள் வெண்மையாகப் பீறிட்டு மேலே போகும், எங்களுக்கு அது பழக்கம். ஆனால் அந்த வெட்டவெளியில், காற்றே இல்லாத பகலில், பனைமர உயரத்தைத் தாண்டி ஒரு வெள்ளைத் தூண் மாதிரி எழுந்து நின்றது. எத்தனை மைலுக்குத் தெரிந்ததோ!

திடீரென்று எல்லாரும் ஓடினார்கள். துப்பாக்கிக்காரர்கள், குடும்பங்கள், எல்லாரும். ஏன் ஓடுகிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. ஹாஜி இரண்டு கையையும் விரித்து வானத்தைக் காட்டினார். விமானம்.

அந்தச் சண்டையில் விமானம் ஒரு தரப்பிடம்தான் இருந்தது. ரோட்டை மறித்து நின்றவர்கள் மற்ற தரப்பு. பைலட்டுக்கு மேலே இருந்து என்ன தெரியும்? பிக்அப் வண்டிகள், நிமிர்ந்து நிற்கும் ஒரு கோபுரம், அதன் அடியில் புகை. குண்டு போட வேறென்ன வேண்டும்!

உடனே மிஷினை அணைக்க வேண்டும் என்று மூளை சொல்கிறது. கை கேட்கவில்லை. லீவரைப் பிடித்த விரல்கள் அப்படியே இறுகிவிட்டன. சத்தத்தில் விமானம் எங்கே இருக்கிறது என்றும் தெரியவில்லை. மேலே பார்க்கவும் பயம். லீவரும் கையும் ஒன்றாகிப் போன மாதிரி நின்றேன். எவ்வளவு நேரம் என்று கேட்டால் தெரியாது. ஆபரேட்டர்தான் தவழ்ந்து வந்து எஞ்சினை நிறுத்தினான். என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, என்னை இழுத்து வண்டிக்கு அடியில் தள்ளினான்.

எஞ்சின் நின்றதும்தான் விமானச் சத்தம் காதில் விழுந்தது. தலைக்கு நேர் மேலே. புழுதி கலையவே இல்லை, அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. தம்பிக்காரன் குழந்தையின் பேரைத் திரும்பத் திரும்பச் சொன்னான். எனக்கு எந்தப் பேரும் வரவில்லை. விமானம் ஒரு வட்டம் போட்டது. தூரம் போனது. கொஞ்ச நேரத்தில் வடக்கே எங்கேயோ தரை குலுங்கியது. எங்கள் மேல் விழ வேண்டியது வேறு யார் மேலோ விழுந்தது. அதை நினைத்துச் சந்தோஷப்பட்டேன். அப்படித்தான் இருந்தது, மறைத்து என்ன ஆகப் போகிறது.

எழுந்து பார்த்தால் எல்லாரும் வெள்ளை. பாறைத்தூள் மூடி, யார் துப்பாக்கிக்காரன், யார் கைதி என்றே தெரியவில்லை. தலைவன் முகத்துணி நழுவிக் கிடந்தது. மீசை அரும்பாத முகம். அவனும் என்னைப் போலவே நடுங்கிக்கொண்டிருந்தான். என் கார்டை என் மேல் வீசிவிட்டு வண்டியைக் காட்டிக் கத்தினான். ஹாஜி மொழிபெயர்க்கவே தேவையில்லை. இந்தச் சனியனை என் கண் முன்னால் இருந்து எடுத்துக்கொண்டு தொலை!

அந்த மிஷினை நான் ஓட்டியிருக்காவிட்டால் அவன் எங்களை விட்டிருக்கவே மாட்டான். இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மாஸ்ட்டை இறக்கினோம். ஜாக்கியைத் தூக்கினோம். ஆபரேட்டர் ஸ்டீயரிங்கில் ஏறிவிட்டான். அண்ணனும் தம்பியும் ஏறிவிட்டார்கள். நான் ஒரு காலைப் படியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன்.

வண்டி நகர்ந்த இடத்தில் நாங்கள் போட்ட துளை வாய் திறந்து கிடந்தது. ஒரு ஜாண் அகலம் இருக்கும். ஆழம் ஒரு கிணறு அளவு. தண்ணீர் வரவில்லை. அதைச் சுற்றி மூன்று நான்கு குழந்தைகள் வந்துவிட்டார்கள். இவ்வளவு சத்தம் போட்ட மிஷின் என்ன கொண்டுவந்தது என்று பார்க்க ஆசை. அதில் ஒன்று நடை பழகிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும். குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தது.

எங்கள் தொழிலில் இதைவிடப் பெரிய பாவம் கிடையாது. மூடாத துளையில் குழந்தை விழுந்தால் என்ன ஆகும் என்று நம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். நாடே டிவி முன்னால் உட்கார்ந்து பார்த்திருக்கிறது. தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும், சண்டை போட்டுக்கொண்டு போனாலும், நான் மூடாமல் வந்த துளை ஒன்றுகூட இல்லை.

நான் இறங்கிவிட்டேன்.

"மாமா! எங்கீங் போறீங்க! ஏறுங்க!" ஆபரேட்டர் கத்தினான். "பைத்தியமா புடிச்சிருக்குது உங்களுக்கு!"

ஒரு வெங்காயச் சாக்கை உதறிக்கொண்டு ஓடினேன். குழந்தையைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தேன். அது வீறிட்டு அழுதது. ஒரு பெண், அதன் தாயாகத்தான் இருக்கும், என்னை அடிக்க ஓடி வந்தாள். நான் துளையைக் காட்டினேன். குழந்தையைக் காட்டினேன். துளையைக் காட்டினேன். அவள் நின்றாள். அவள் முகம் மாறியதை இன்னும் பார்க்கிறேன்.

துளையைச் சுற்றிக் குவிந்திருந்த பாறைத்தூளைச் சாக்கில் வாரிப் போட்டேன். அந்தத் தலைவன் கத்தினான். பிறகு சுட்டான். வானத்தில் சுட்டானா, என் பக்கம் சுட்டானா, தெரியாது. காலுக்குப் பக்கத்தில் மண் தெறித்தது என்று ஹாஜி பிறகு சொன்னார். ஒன்றுக்கு வந்துவிட்டது எனக்கு. சொல்ல வெட்கமில்லை. வேட்டி கட்டியிருந்தால் தெரிந்திருக்காது, பேன்ட் போட்டிருந்தேன். சாக்கை முடிந்து துளை வாயில் வைத்துக் காலால் மிதித்து இறுக்கினேன். தூரத்தில் மறுபடியும் விமானச் சத்தம். ரிக் ஹாரன் அடிக்கிறது. ஹாஜி தன் லாரியைப் பின்னால் ஓட்டிக்கொண்டு வந்து எனக்குப் பக்கத்தில் நிறுத்தி, "போலாம் மாமா, போலாம், போலாம்" என்று அழுகிறார். நான் கற்களைப் பொறுக்கிச் சாக்கின் மேல் போட்டேன். அந்தப் பெண்ணும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் கல் பொறுக்கிக் கொண்டுவந்தாள். கடைசிக் கல்லை வைத்தது அவள்தான்.

ஹாஜியின் லாரியில் நான் ஏறியதும் என்னால் கதவைச் சாத்த முடியவில்லை. அவரே குனிந்து சாத்தினார்.

துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். ரிக்கை அங்கேயே ஹாஜியிடம் விட்டுவிட்டேன். கப்பல் ஏறும்வரை ஆபரேட்டர் என்னோடு பேசவில்லை. ஏறின பிறகு கேட்டான்.

"அங்க நாங்க நாலு பேரும் உசுரக் கையில புடிச்சுட்டு நிக்கறோம். நீங்க குழி மூடிட்டிருக்கறீங்க. அந்தப் பிளேன் திரும்பி வந்திருந்தா எங்க ஊட்டுக்கு யாருங் மாமா பதில் சொல்றது?"

"வரலையல்ல?"

"இதொரு பதிலுங்களா?"

அவன் கேட்டது நியாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

ரிச்சர்ட்சனுக்கு வந்த பிறகு, கொஞ்ச நாள் ராத்திரி பகல் தெரியாமல் கிடந்தேன். செவ்வாய்க்கிழமைகளில் பக்கத்து வீட்டுப் புல்வெளியில் இலை ஊதும் மிஷினோடு ஆட்கள் வருவார்கள். அந்தச் சத்தம் கேட்டதும் வலது கை தானாக மூடிக்கொள்ளும். மருமகள் பார்த்துவிட்டு டாக்டரிடம் கூட்டிப் போகலாம் என்றாள். கை நன்றாகத்தான் இருக்கிறது என்றேன். ஒரு நாள் ஃப்ரீவேயில் போலீஸ் விளக்கு சுழன்றதும் இரண்டு கையையும் ஸ்டீயரிங்கில் இருந்து எடுத்துவிட்டேன். அதிலிருந்து மகன் என்னை வண்டி ஓட்ட விடுவதில்லை. முதல் தடவையில் லைசென்ஸ் வாங்கினவனை!

வீட்டுக்கு யார் வந்தாலும் இந்தக் கதை ஓடும். மகன் சொல்வான், "நான் இங்கருந்து எம்பஸிக்கு மெயில் மேல மெயில் போட்டு ஃபாலோ பண்ணேன் அங்கிள், அதனாலதான் கப்பல்ல ஸீட் கிடைச்சுது." வந்தவர்கள், "வெல் டன்பா" என்பார்கள். ஊரில் ஆபரேட்டர் கதையே வேறு. விமானத்தின் கண்ணில் இருந்து ரிக்கை மறைத்து அஞ்சு பேரைக் காப்பாற்றினவன் என்று கோயில் கும்பாபிஷேகத்தில் அவனுக்குப் பொன்னாடை போட்டார்கள். அந்த வீடியோ இங்கே எல்லார் போனுக்கும் வந்தது. அவன் பேச்சில் என்னைப் பற்றி ஒரு வரி உண்டு. "எங்க மொதலாளி அப்பப் பயத்துல லீவர விடவேயில்ல" என்று. கூட்டம் சிரித்தது. இங்கே சோபாவில் உட்கார்ந்திருந்தவர்களும் சிரித்தார்கள்.

பேத்தி மட்டும் சிரிக்கவில்லை. "தாத்தா, வேர் யூ ரியலி ஸ்கேர்ட்?" என்று கேட்டாள்.

"ஆமா சாமி" என்றேன். "ரொம்ப."

"தென் வொய் டிட் யூ கோ பேக்?"

குழிக்குத் திரும்பிப் போனதைத்தான் கேட்டாள். அவளிடம் மட்டும்தான் அதைச் சொல்லியிருந்தேன். மகனிடம் சொன்னால் திட்டுவான். "மூடணும்ல" என்றேன். அவள் விளையாடப் போய்விட்டாள்.

எத்தனையோ கிணறு போட்டுத் தண்ணீர் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அதையெல்லாம் எந்தச் சபையிலும் எழுந்து நின்று சொல்வேன். ஆனால் தனியாக உட்கார்ந்தால் நினைவுக்கு வருவது தண்ணீரே வராத அந்த ஒரு துளைதான். அந்தச் சாக்கு இன்னும் அங்கே இருக்கிறதா, கற்களை யாராவது எடுத்துவிட்டார்களா, அந்தக் குழந்தை இப்போது எந்த ஊர் முகாமில் இருக்கிறது என்று ஒன்றும் தெரியாது.

எஞ்சினை அணைத்தது ஆபரேட்டர்தான். அதை நான் மறுக்கவில்லை. கப்பலில் இடம் வாங்கிக் கொடுத்தது மகன் என்றால் அதுவும் சரி, அவனுக்கே இருக்கட்டும். லாரியைப் பின்னால் ஓட்டிக்கொண்டு எனக்காக வந்தது ஹாஜி. கடைசிக் கல்லை வைத்தது பேர் தெரியாத அந்தத் தாய். எல்லார் பங்கையும் நான் ஒளிக்காமல் சொல்லிவிட்டேன். லீவரை விடாமல் நடுங்கினது நான். அந்த மிஷினை ஓட்டி எங்களை விட வைத்ததும் நான். அதே நடுக்கத்தோடு இறங்கிப் போய் அந்தக் குழியை மூடினதும் நான்தான். உங்கள் பத்திரிகையில் இடம் போதவில்லை என்றால் வேறு எதை வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள், இந்த மூன்றையும் வெட்டாமல் போடுங்கள்.